புழு கட்டிய நூல்

எனக்குப் பட்டாம்பூச்சி மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறவளுக்குப் புழு, பூச்சி என்றாலே அரிசி மூட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதிலும் எங்கள் வாசல் கொன்றை மரத்துக்கு வருஷம் தவறாமல் வந்து சேரும் புழுக்களை நான் திட்டாத திட்டு இல்லை. இன்றைக்கு அதே புழுக்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. ஒரே வீடாக இருந்ததை, மாமனாருக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி கொழுந்தனுக்கு. கரும்புக் கொல்லையும் அப்படியே இரண்டானது. பிரிக்க முடியாமல் மிஞ்சியது வாசலில் நின்ற சரக்கொன்றை ஒன்றுதான். அடிமரம் என் பக்கம், பாதிக் கிளை அவர்கள் கேட்டுக்கு மேல். சித்திரையில் பூத்துக் கொட்டினால் இரண்டு வாசலும் மஞ்சளாகக் கிடக்கும். அதை யார் பெருக்குவது என்று எனக்கும் என் ஓரகத்திக்கும் முட்டிக்கொள்ளும். மற்றபடி நாங்கள் நல்லபடியாகத்தான் இருந்தோம். குழம்பு சுவரைத் தாண்டிப் போகும், கிண்ணம் திரும்பி வரும்போது வேறொன்றோடு வரும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷமாகிறது. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஆக, மேற்குப் பாதியில் நான் ஒருத்திதான். ஆனால் தனியாக இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, காரணம் கிழக்கு வீட்டுப் பெண். அவள் பிறந்ததும் ஓரகத்தி உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாள். எழுந்து நடமாடவே மாதக்கணக்கானது. குழந்தையை நான்தான் தூக்கி வந்தேன். குளிப்பாட்டியது, கால்மேல் போட்டுத் தூங்கவைத்தது, முதல் சோறு ஊட்டியது எல்லாம் நான். அம்மா தேறி வந்தபிறகும் அது என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. கல்யாணமாகி நைனார்பாளையம் போகிற வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு என் வீட்டில்தான். நான் பெறவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் தரித்தது தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒன்றும் இல்லை. ஓரகத்தி போகாத கோயில் இல்லை. பெண் மறுபடி உண்டானபோது ஓரகத்திக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி. நல்ல சேதியை நாலு பேருக்குச் சொல்லவே பயந்தாள். தும்மினால் பயம், பல்லி சொன்னால் பயம். அவள் பயம் எனக்குத் தெரியும், எனக்கும் அது இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவளை மோசமானவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த வருஷம் கோடை மழை நன்றாகப் பெய்தது. பூ முடிந்த கொன்றையில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. தளிர் வந்தால் அந்த மஞ்சள் பூச்சியும் வந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பட்டாம்பூச்சி. எலுமிச்சை மஞ்சள், இறக்கை ஓரத்தில் மட்டும் மை தீட்டியது போலக் கறுப்புக் கரை. உயரப் பறக்காது. வேலியோரம், புல்லோரம், ஆள் இடுப்புயரத்தில் தத்தித் தத்திப் போகும். முட்டை வைக்க மட்டும் மரத்துக்கு ஏறும்.

மோர் மிளகாய் காயப்போட்டுவிட்டுக் காக்காய்க்குக் காவல் உட்கார்ந்திருந்தபோதுதான் அது முட்டை வைப்பதைப் பார்த்தேன். வேறு பூச்சிகள் இலைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விடும். கறிவேப்பிலையில் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. ஒரே தளிரில் உட்கார்ந்து வாலை வளைத்து வளைத்து வைத்துக்கொண்டே இருந்தது. போனபின் கிளையை இழுத்துப் பார்த்தேன். ரவையை ஒவ்வொன்றாக எடுத்து நிற்கவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக நெருக்கி நின்றன. அடுத்து என்ன வரும் என்று தெரியும். அப்போதே இலையைக் கிள்ளிப் போட்டிருக்கலாம். சோம்பல், விட்டுவிட்டேன். என் சோம்பலுக்கும் ஒரு நன்றி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் புழு வந்தது. பச்சை உடம்பு, கறுப்புத் தலை. இந்தப் புழுக்களிடம் ஒரு குணம், எதையும் தனியாகச் செய்யாது. ஒரே இலையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசையாக நின்று மேயும். அந்த இலை தீர்ந்தால் எல்லாமே கிளம்பி அடுத்ததற்குப் போகும். பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றால் எனக்குத் தொண்டை மிஞ்சும். தின்றால் போதாதா? மேலிருந்து எச்சம் வேறு, கறுப்பாக, கடுகுப் பொடி போல, என் மோர் மிளகாய் மேல். பாயைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நான் எத்தனை இடம் மாறினேனோ. வாசலில் நின்று புழுவைத் திட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "இன்னாக்கா, யாருகூட சண்ட?" என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தவள் ஓரகத்திதான்.

ஒருநாள் புழுக்கள் காணாமல் போயின. கிளையின் தளிரெல்லாம் மொட்டை. தின்று தீர்த்துவிட்டுத் தொலைந்தன என்று மிளகாயை மறுபடி பழைய இடத்தில் பரப்பினேன். எங்கே போயின என்று எந்த வருஷமும் நான் யோசித்ததே இல்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். நைனார்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு, அது முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவது. கலவைச் சாதம் எல்லாம் என் பொறுப்பு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு அது ஒரு வேலையா? புளிகூட ஊறப் போட்டுவிட்டேன். அப்போதுதான் வெளியே ஓரகத்தியின் சத்தம் கேட்டது. கேட்டைக் கழுவ வந்தவள் கையில் விளக்குமாற்றோடு அண்ணாந்து நின்றாள்.

"அக்கா, இன்னா இது? இன்னா பண்ணி வச்சிருக்க?"

அவள் கேட்டுக்கு நேர் மேலே, தலை தட்டுகிற உயரத்தில் ஒரு காய்ந்த குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வரிசையாகக் கறுப்புக் கறுப்பாக ஏதோ. ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி வளைந்து, ஒரு முனை கூராக, இடைவெளி பிசகாமல். ஒவ்வொன்றின் இடுப்பிலும் மெல்லிய வெள்ளை நூல், குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. குச்சி முழுக்கவே நூல் சுற்றிய மாதிரி மினுங்கியது. பொய் சொல்லக் கூடாது, பார்த்ததும் நானே ஒரு எட்டுப் பின்னால் போனேன். யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கட்டித் தொங்கவிட்ட சூனியம் போலத்தான் இருந்தது.

பிறகு கறுப்புத் தலைகள் ஞாபகம் வந்தன. "புழும்மா அது. மரத்துல இருந்துச்சே, அதுங்க கூடு கட்டிக்கினு இருக்குது," என்றேன்.

"புழு எங்கனா நூல் கட்டுமா? இத்தினி வரிசையா கட்டுமா? இன்னாக்கா சொல்ற நீ?"

"நா கட்டனன்னு சொல்றியா?"

அவள் குச்சியைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னை அறைந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்டது. அவளும் விடவில்லை. மரம் யார் பக்கம், புருஷன் இல்லாதவள் யார், அடுத்த வீட்டு நிறைவைப் பார்க்கப் பொறுக்காதவள் யார் என்று அவள் வாயிலிருந்து வந்ததை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். பயம் பேசியது என்று இன்றைக்கு எழுதிவிடலாம். அன்றைக்கு என்னவோ என் ஓரகத்திதான் பேசினாள்.

அவள் குச்சியைப் போனில் படம் எடுத்துக் குறி சொல்கிற ஒருவருக்கு அனுப்பினாள். குறியும் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. "ரத்த சம்பந்தம் இல்லாத சொந்தம், பக்கத்துலயே இருக்குது," என்று பதில் வந்ததாம். எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் பொருந்துகிற பதில். ஆனால் கூடவே ஒன்று சொல்லியிருந்தார். அமாவாசை வரைக்கும் அந்தக் குச்சியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அமாவாசையன்று தானே வந்து கழித்து எரித்துவிடுவதாக. அந்த ஆள்மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. இருந்தாலும் கணக்கில் வைக்கிறேன்: அவர் மட்டும் தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால், ஓரகத்தி அன்றைக்கே சீமெண்ணெய் ஊற்றி முடித்திருப்பாள். குற்றமும் காலத்துக்கும் என் தலையில் நின்றிருக்கும்.

வளைகாப்புக்கு வேன் வந்தது, நிரம்பியது, போனது. என்னைக் கூப்பிடவில்லை. ஊறிய புளியைக் கரைத்துக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாயங்காலம் பெண்ணோடு திரும்பி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் சத்தம். "பெரிமா!" என்று ஒரே ஒரு தடவை குரல் கேட்டது. உடனே யாரோ அடக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. உள் அறையிலிருந்து கிசுகிசுத்தாள்.

"பெரிமா, அம்மா பயந்துக்கினு கீது. உன் வூட்டுப் பக்கம் போனா சாப்பிட மாட்டன்னுது. நா இன்னா பண்ண?"

"அம்மா சொல்றத கேளு. உடம்ப பாத்துக்க," என்றேன். சொல்லிவிட்டுப் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். சுவர் ஒரு செங்கல் கனம்தான். அந்தப் பக்கம் அவள் புரண்டு படுத்தால் வளையல் கேட்கும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிரசவத்துக்கு முன்னால் அவள் என் வீட்டுப் படி ஏற வேண்டும். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, அதையும் தொடவிடாமல் சுவருக்கு இந்தப் பக்கமே நான் கிழவியாகிவிடுவேனோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

குச்சி மட்டும் அப்படியே தொங்கியது. தினமும் காலையில் பல் விளக்குகிற சாக்கில் அண்ணாந்து பார்ப்பேன். அசையாது, மாறாது. ஒன்றிரண்டில் ஊசியால் குத்தினது போலத் துளை விழுந்திருந்தது. ஏதோ சின்னக் குளவி உள்ளேயிருந்து புறப்பட்டுப் போயிருந்தது. மிச்சமும் அப்படியே செத்துப்போனால் என்ன செய்வது? எதற்காகக் கறுப்பாக இருக்கின்றன? ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் செய்யவில்லை, சரி. வேறு யாராவது செய்திருந்தால்?

கூட்டத்தில் பிந்திப்போன புழு ஒன்று என் ஜன்னல் கம்பிக்கு வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். வேலைக்குப் போக நேரமாகிறது என்று தெரிந்தும் நின்று பார்த்தேன். முதலில் கம்பியில் வாயால் வெள்ளையாக ஒரு படுக்கை நெய்தது. வால் நுனியை அதில் பதித்துக்கொண்டது. பிறகு தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் வளைத்து வளைத்துத் தன் முதுகுக்கு மேலே நூல் இழுத்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. முடிந்ததும் அந்த நூலுக்குள் சாய்ந்து நின்றுகொண்டது. ஏணியில் ஏறி மரம் கழிக்கிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார் பாருங்கள், அந்தக் கயிறு. இவ்வளவுதான் சூனியம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் அது தோலை உரித்துக்கொண்டு கூடாகியிருந்தது. ஆனால் என் நேரம், அது பச்சை. இலைப் பச்சை. கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சாது, யார் பக்கமும் பேசமாட்டார். பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த ஓரகத்தி, "உன்னுது பச்ச. அது கறுப்பு. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கூட்டமாகக் கட்டினால் கறுப்பு, ஒண்டியாகக் கட்டினால் பச்சை என்று எனக்கு அப்போது யார் சொல்வது? போனில் தேடித் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்தான்.

அமாவாசைக்குச் சில நாள் முன்பு வெள்ளிமலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மாவின் வீட்டு விசேஷம். போக மனசில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று பஸ் ஏறினேன். கல்வராயன் மலைப்பாதையில் பாதி ஏறியபோது வளைவில் ஒரு லாரி மாட்டிக்கொண்டது. எல்லோரும் இறங்கினோம். பக்கத்தில் ஓடை. ஓடை ஓரத்து ஈர மணலில் மஞ்சளாக ஏதோ கொட்டிக் கிடந்தது. கொன்றைப் பூ என்று நினைத்துக் கிட்டே போனேன். பூ முழுக்க எழுந்து பறந்தது. அதே பூச்சி, நூற்றுக்கணக்கில். என் காலைச் சுற்றிப் பறந்துவிட்டு மறுபடி அதே ஈரத்தில் வந்து உட்கார்ந்து, இறக்கையை மூடி, மூக்குக் குழலை மணலில் விட்டு உறிஞ்சின. "மண்ணுல இருக்குற உப்ப குடிக்குதுங்கம்மா, மழ பேஞ்சா இப்டித்தான்," என்றார் கண்டக்டர், பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டே.

ஓடைக்கு மேலே சரிவில் கொன்றை நின்றது. நட்டவர் யாருமில்லை, தானாக வளர்ந்தது. அதன் கீழ்க்கிளையில் காய்ந்த குச்சி ஒன்று. குச்சி நெடுக வரிசையாகக் கறுப்புக் கொக்கிகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் நூல். பாதி வெற்றுத் தோல், முதுகு பிளந்து கண்ணாடித் தாள் மாதிரி காற்றில் நடுங்கியது. கிட்டத்தில் வீடு கிடையாது, வாசல் கிடையாது, பிள்ளைத்தாச்சி கிடையாது. இந்தக் காட்டுக்குள் யாருக்கு யார் வைத்தது? அந்தச் சரிவில் நின்று சத்தமாகவே கேட்டேன். பஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது. செத்தவை இல்லை, செய்தவையும் இல்லை. என் வாசலில் தொங்குகிறதும் ஒருநாள் பிளக்கும்.

படம் எடுத்து வந்து கொழுந்தனிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "மலையிலயும் வப்பாங்க," என்றாள் ஓரகத்தி உள்ளேயிருந்து. நம்பிக்கைக்கு முன்னால் போட்டோ எம்மாத்திரம்? கொழுந்தன் மட்டும் வாசல் வரை வந்து, "அண்ணி, சாப்டீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அமாவாசையன்று காலையில் குறிக்காரர் வந்தார். எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம், ஒரு கறுப்புக் கோழி. நான் என் பக்கத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தின நாளே கூடுகளின் கறுப்பு வெளுத்திருந்தது. அன்றைக்குப் பார்த்தால் தோலுக்குள்ளே மஞ்சள் நன்றாகவே தெரிந்தது, கறுப்புக் கரை உட்பட. அவர் கற்பூரத்துக்குத் தீக்குச்சி கிழிக்கவும் ஒரு கூடு முதுகில் வெடித்தது. நசுங்கிய காகிதப் பொட்டலம் போல ஒன்று நெளிந்து வெளியே வந்தது. வெற்றுத் தோலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. தொங்கத் தொங்க அந்தப் பொட்டலம் விரிந்து இறக்கையானது. இறக்கை காய்வதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. கூட்டமாகப் பிறந்து, கூட்டமாகத் தின்று, கூட்டமாகக் கட்டிக்கொண்டவை, வெளியே வருவதிலும் ஒன்றையொன்று விடவில்லை. கொஞ்ச நேரத்தில் குச்சி முழுக்க மஞ்சள்.

உள் அறை ஜன்னலிலிருந்து, "அம்மா, அது பட்டாம்பூச்சி!" என்று பெண்ணின் குரல் வந்தது.

குறிக்காரரை நான் மெச்சத்தான் வேண்டும். அசரவே இல்லை. "பாத்தீங்களாம்மா? கழிஞ்சி போச்சி. வச்சது பூரா உருமாறிப் பறக்குது. இனிமே ஒண்ணும் பயமில்ல," என்று சொல்லிக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பார்க்கப் புழு பூச்சியாகிறது, அப்போதும் அது யாரோ வைத்ததாம். ஓரகத்தி அவர் போன திசையையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று ஒன்று வரும் என நான் காத்து நின்றதுதான் மிச்சம்.

வந்தது வேறு. முன் கதவைத் திறந்துகொண்டு பெண் வந்தாள், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. அம்மாவைத் தாண்டினாள், கேட்டைத் தாண்டினாள். தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தவற்றை அண்ணாந்து பார்த்தபடியே என் வாசலுக்கு வந்து படி ஏறினாள்.

"பசிக்குது பெரிமா. இன்னா செஞ்ச?"

ஓரகத்தி தடுக்கவில்லை. நான் உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்தேன். ரசம் சோறும் ஒரு அப்பளமும்தான். அவள் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். சுவருக்கு மேலே கிண்ணம் போக ஆரம்பித்தது, வரவும் வந்தது. ஓரகத்தி வாயைத் திறந்து அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சண்டைதான் வரும், என் வாயை எனக்குத் தெரியும். ஆனால் அவள் மனசுக்குள் நான் இன்னும் யார் என்று தெரியாமல் சாப்பாடு இறங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்த வாரத்தில் வலி எடுத்தது. பகல் பொழுது. ஆம்புலன்ஸில் ஒரு பக்கம் அவள் அம்மா, மறுபக்கம் நான். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் ஓரகத்தி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பெண் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கை மரத்துப்போனது. பிறந்தது பெண் குழந்தை. தாயும் சேயும் நலம், அதில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால், பிரசவ வார்டு கதவருகில் நடந்தது.

பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். நர்ஸ் கதவில் கையை வைத்து மறித்தார். கூட இருக்க ஒரே ஒருத்தருக்குத்தான் அனுமதி, அதுதான் அங்கே சட்டம்.

நான் பின்னால் நகர்ந்தேன். என் இடம் எனக்குத் தெரியும். பையை ஓரகத்தியிடம் நீட்டினேன்.

"பொண்ணோட அம்மா யாரும்மா? சீக்கிரம் வாங்க," என்றார் நர்ஸ்.

ஓரகத்தி பையை வாங்கவில்லை. என் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. அப்படியே என்னைக் கதவுக்குள் தள்ளினாள்.

"இவங்கதாங்க அம்மா," என்றாள். "நான் சித்தி."